வீணைக்கும் வீட்டில் ஓர் இடம் வேண்டும்

குழந்தை தவழத் தொடங்கிய வீட்டில் வீணை வாசிப்பவராக இருந்தாலும், அஞ்சல்தலை சேர்ப்பவராக இருந்தாலும், ஆரி வேலைக்குச் சட்டம் கட்டி உட்காருபவராக இருந்தாலும், அவருக்கு உறவினர் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும், அதுவரைக்கும் மூட்டை கட்டி வை." அக்கறையோடுதான் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த அறிவுரை தவறானது என்றும், குழந்தையையும் அந்தப் பொருளையும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் காக்கும் பொறுப்பு அந்த வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் உண்டு என்றும் நான் உறுதியாக எண்ணுகிறேன். ஒன்றரை வயது மகனை வளர்த்துக்கொண்டு வீணையையும் விடாமல் வாசிப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு பொருளைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்கத் தெரியாத வீடு நம் ஊரில் கிடையாது. நகை பீரோவுக்குள் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் அதற்கும் உள்ளே, சாவியோடு இருக்கும் தனி அறையில் இருக்கிறது. சாமி விளக்கு மேல் தட்டுக்கு ஏறிவிடுகிறது. கணவரின் மடிக்கணினியைக் குழந்தை எட்டிப் பிடிக்கப் போனால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள். அப்போது யாரும் "குழந்தைதானே, தொட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்வதில்லை. வீணையின் மேல் குழந்தை ஏறி உட்கார்ந்தால் மட்டும் அந்த வாக்கியம் வருகிறது, கூடவே கைப்பேசியில் ஒரு படமும் எடுக்கப்படுகிறது. சம்பளம் கொண்டுவரும் பொருளுக்கும் சாமிக்குரிய பொருளுக்கும் வீடு இயல்பாகவே தரும் காவல், ஒருவர் தம் மனநிறைவுக்காக வைத்திருக்கும் பொருளுக்குக் கிடைப்பதில்லை. குழந்தையின் குறும்பைவிட இந்த மதிப்பீடுதான் அந்தப் பொருள்களுக்கு அதிகச் சேதம் செய்கிறது.

மூட்டை கட்டி வைப்பதால் வீணை காக்கப்படும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. தஞ்சாவூர் வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகள், அதாவது குறுக்குக் கம்பிகள், இருக்கின்றன. அவற்றை ஆணி அடித்து நிறுத்துவதில்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, அந்த மெழுகின் மேல் ஒவ்வொரு மெட்டாக, காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கிறார்கள். இதைத்தான் மேளம் கட்டுதல் என்கிறோம். தேன்மெழுகு முழுதாக உருகுவதற்கு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை என்றாலும், அது இளகத் தொடங்குவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில், சித்திரை வைகாசி வெயிலில், மூடிய பெட்டிக்குள் கிடக்கும் வீணையின் மெழுகு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எஃகுத் தந்திகள் துருப்பிடிக்கும். பலா மரமாயினும் பல ஆண்டுகள் திறந்து பார்க்காமல் விட்டால் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பும் என்று சொல்ல முடியாது. பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் பெட்டியைத் திறப்பவருக்கு வாசிக்கத் தகுந்த வீணை கிடைப்பது அரிது. அதற்குள் விரல் நுனியில் இருந்த காய்ப்பும் போயிருக்கும். நம் தாய்மார் தலைமுறையில் திருமணத்துக்கு முன் நன்றாக வாசித்து, முதல் பிள்ளைக்குப் பிறகு பெட்டியை மூடி, பின் திறக்காமலே விட்டுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

குழந்தை ஏன் அந்தப் பொருளையே தேடிப் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சிறு பொருளைப் பொறுக்கப் பழகுகின்றன. ஏறக்குறைய அதே காலத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு குழந்தை எழுந்து நிற்கிறது. ஒன்றரை வயதில் நாற்காலி மேல் ஏறுகிறது. இரண்டு வயதில் மூடியைத் திருகிப் பார்க்கிறது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜே, ஒரு பொருள் கண்ணுக்கு மறைந்தாலும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்னும் உணர்வு முதல் வயது முடிவதற்குள்ளேயே அரும்பத் தொடங்குகிறது என்றார். ஆகவே துணியால் மூடிவிட்டால் மறந்துவிடும் என்று நினைப்பது சில மாதங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். "தொடாதே" என்ற சொல் குழந்தைக்குப் புரிகிறது என்பது உண்மை; புரிந்தபின் கையை நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு அந்த வயதில் இன்னும் வரவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒன்றரை வயதுப் பிள்ளையை அடிப்பதும் திட்டுவதும் முறையல்ல.

என் மகன் வீணையின் அருகே வந்தால் என்ன செய்கிறான் என்பதை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் யாளி முகத்தின் வாய்க்குள் விரலை விடுகிறான். பிறகு தந்தியை உள்ளங்கையால் தட்டுகிறான். ஒலி வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறான். மறுபடியும் தட்டுகிறான், இம்முறை இன்னும் பலமாக. அதன் பின்னர்தான் மெட்டுக்குக் கீழே இருக்கும் கறுத்த மெழுகு கண்ணில் படுகிறது. சுட்டுவிரல் நகத்தை அதற்குள் மெல்ல அழுத்தி, பெயர்ந்து வந்த துணுக்கை நேராக வாய்க்குக் கொண்டுபோகிறான். இதில் கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை; உலகத்தை அறிந்துகொள்ளும் வேலையை அவன் ஒழுங்காகச் செய்கிறான். ஆனால் ஒரு மெட்டு சற்றே சாய்ந்தாலும் அந்த இடத்தில் சுரம் பிசகிவிடும். அதைத் திருத்த மேளம் கட்டத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும், அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளையான பிருடையைத் திருகுவது இதைவிடக் கவலைக்குரியது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் மகன் ஒருமுறை முதன்மைத் தந்தியான சாரணியின் பிருடையைப் பிடித்து முறுக்கியபோது தந்தி அறுந்து தெறித்தது. அவன் முகம் அந்தப் பக்கம் இருக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீணையைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் ஒரே வேலை என்று நான் சொல்வது இதனால்தான். சுருதி பார்க்கும் சிறு டியூனர்கள் பலவற்றில் இருப்பது சிஆர்2032 என்னும் பொத்தான் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். அதைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தோடு மின்னோட்டம் உண்டாகி, பேட்டரியின் எதிர்மின் முனைப் பக்கத்தில் அரிக்கும் காரப்பொருள் (அல்கலி) உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளாகவே சதை வெந்துபோகும் அளவுக்குப் புண்ணாகும். சக்தி தீர்ந்துவிட்டது என்று நாம் கழற்றிப் போடும் பேட்டரியிலும் இதைச் செய்யும் அளவுக்கு மின்னழுத்தம் மிச்சம் இருக்கும். தொடக்கத்தில் எச்சில் வழிதல், சாப்பிட மறுத்தல், இருமல் என்று சளிக்காய்ச்சல்போலவே தோன்றக்கூடும். சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். டியூனரின் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தள்ளு மூடியாக இருந்தால் அந்த டியூனர் வீணையின் பெட்டியில்கூட இருக்கக் கூடாது, பூட்டிய இழுப்பறையில்தான் இருக்க வேண்டும். மீட்டுவதற்காக விரலில் மாட்டும் கம்பி வளையத்துக்கும் அதே இடம்தான்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிப்பதற்கு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்ளப்படுகிறது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாகிவிட்டது. பெரியவர்களின் பொழுதுபோக்குப் பொருள்களை இப்படி யாரும் சோதித்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. அந்தச் சோதனையை நாமேதான் செய்ய வேண்டும். ஆரி வேலைக்கான சமிக்கி, பாசிமணி, கல் எல்லாமே அந்த உருளைக்குள் அடங்கும். சிந்திய ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் வலுவான காந்தங்கள் அவற்றையும் மிஞ்சிய ஆபத்து, ஏனெனில் இரண்டை விழுங்கினால் அவை குடலின் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

அஞ்சல்தலை, பழைய நாணயம், பழைய நூல்கள் சேர்ப்பவர்கள் வீட்டில் நான் முதலில் தேடுவது அந்துருண்டையைத்தான். எங்கள் மாமனார் பல ஆண்டுகளாக அஞ்சல்தலை சேர்ப்பவர். அவருடைய ஆல்பங்களுக்கு நடுவில் வழக்கமாக இருந்த நாப்தலின் உருண்டைகளை, பேரன் பிறப்பதற்கு முன்பே அவரே எடுத்துவிட்டார். அவை பார்வைக்கு மிட்டாய் போலவே இருக்கின்றன. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தை நாப்தலினை விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும்; அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் அதுவரை தெரிந்திருப்பதே இல்லை. அதற்குப் பதிலாகக் கற்பூரம் வைக்கிறேன் என்பவர்களும் உண்டு. சிறு குழந்தை அதைத் தின்றால் வலிப்பு வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நஞ்சல்ல, ஆனால் தொண்டையை அடைக்கும். ஆல்பத்தை உயரமான, கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில் நிறுத்தி வைத்து, அந்த அலமாரியைச் சுவரோடு எல் வடிவக் கிளாம்பால் இறுக்கிவிட்டால் போதும். தட்டுகளை ஏணிப்படியாக நினைத்துக் குழந்தை ஏறும்போது அலமாரியே சாய்ந்து விழுவதை அந்தக் கிளாம்பு தடுக்கும். மாமனார் தம் அலமாரியைத் தாமே சுவரோடு பிணைத்தார். வீணைக்கும் தாங்கி வேண்டும் என்று தச்சரை அழைத்து வந்தவரும் அவர்தான்.

அந்தத் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூட்டி வைக்கும் இடம் எவ்வளவு பத்திரமானது என்பதைவிட, எடுத்துத் திரும்ப வைப்பது எவ்வளவு எளிது என்பதுதான் இங்கே முக்கியம். வாசித்துக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடிக்கிறது, பால் பொங்குகிறது, வாசலில் மணி அடிக்கிறது. வீணையைத் தரையில் கிடத்திவிட்டு எழுந்து போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாச் சேதமும் நேர்கிறது. ஐந்து கொக்கிகளை மாட்டி, உறை போட்டு, பெட்டிக்குள் இறக்கி மூட வேண்டும் என்றால் யாரும் அந்த அவசரத்தில் செய்யமாட்டார்கள். என் தோள் உயரத்தில், சுவரில், குடத்துக்கு ஒன்றும் நீண்ட கழுத்துப் பகுதியான தண்டிக்கு ஒன்றுமாக இரண்டு மரத் தாங்கிகள். உள்பக்கம் தடித்த கம்பளித் துணி. முன்பக்கம் வீணை உருளாமல் இருக்க விரலளவு விளிம்பு. மேலே ஒரே ஒரு பட்டை. வீணையை அப்படியே தூக்கி ஏற்றிவிடலாம். சுவரில் மர ஆப்பு அடித்து மாட்டாமல் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள், ஏனெனில் வீணை கனமானது. வெயில் படும் சுவரும் குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலே உள்ள சுவரும் வேண்டாம். கீழே நாற்காலியோ முக்காலியோ இருக்கக் கூடாது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்பது பலருக்கும் உண்மையான தடை. அங்கே நம் கதவுகளின் மேல்தாழ்ப்பாளே பெரிய துணை. ஓர் அறையை ஒதுக்க முடிந்தால், வெளிப்புறம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும். அறை ஒதுக்க முடியாத சிறிய வீட்டில், துளையிடாமல் நிலைக்கு நடுவே அழுத்திப் பொருத்தும் தடுப்புக் கதவு கிடைக்கிறது. இரண்டு வயதுக்குப் பின் பிள்ளை அதன் மேல் ஏறத் தொடங்கினால் அதைக் கழற்றிவிட வேண்டும்.

தாங்கியும் தாழ்ப்பாளும் வந்தபின்னும் மனிதர்கள் மீதி இருக்கிறார்கள். விருந்துக்கு வரும் உறவினர் பிள்ளை அழுதால், "அத்தைதான் வாசிக்கிறாளே, கொஞ்சம் இறக்கிக் குடேன், தட்டிட்டுப் போறான்" என்பார்கள். நம் பிள்ளைத்தமிழ் மரபில் ஆண்பால் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில் என்றே ஒரு பருவம் உண்டு. மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், காலால் அதை எற்றவரும் பாட்டுடைத் தலைவனிடம் எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று வேண்டுவார்கள். கடவுளே குழந்தையாக வந்தாலும், கட்டியவள் தன் உழைப்பைக் காத்துக்கொள்ளக் குரல் எழுப்பலாம் என்று ஒரு பருவத்தையே அதற்கு ஒதுக்கியவர்கள் நம் புலவர்கள். ஆகவே "இறக்க மாட்டேன் அண்ணி, அவனுக்கு வேறு விளையாட்டுச் சாமான் தருகிறேன்" என்று சொல்லும் பெண்ணை யாரும் கல்நெஞ்சக்காரி என்று பேச வேண்டியதில்லை.

குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறுப்பது நியாயமாகாது. என் மகனை மடியில் இருத்தி, கை துடைத்து, நான் மெட்டைப் பிடித்திருக்க அவன் தந்தியைத் தொடுவான். அவனுக்கு அலுத்ததும் வீணை தாங்கிக்கு ஏறிவிடும். அவனாகவே எட்டி எடுப்பதற்கு எதுவும் கீழே கிடையாது. தனக்கென்று ஒரு பொம்மை வீணை வாங்கித் தந்தால் அசலை விட்டுவிடுவான் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வயதில் அது பலிப்பதாக நான் நம்பவில்லை, ஏனெனில் அம்மாவின் கையில் இருப்பதுதான் அவனுக்கு வேண்டும்.

பொருளுக்கு இடம் கிடைத்தபின் கேட்க வேண்டியது நேரம். தாங்கியில் பத்திரமாக ஏறி உட்கார்ந்திருக்கும் வீணையை வாரக்கணக்கில் இறக்க முடியாவிட்டால், அதைப் பரணில் போட்டிருந்தாலும் ஒன்றுதான். வாசிப்பவள் தாயாக இருந்தால், அந்த அரை மணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போவது தகப்பனின் வேலை, அல்லது தாத்தா பாட்டியின் வேலை. அதை யாரும் உதவி என்று சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. வளைகாப்பு முடிந்து தொட்டில் எங்கே கட்டுவது என்று பேசும் வீடுகளில், எந்தப் பொருள் எந்தச் சுவரில் ஏறப்போகிறது, எந்த நேரத்தில் யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்பதையும் அதே நாளில் பேசி முடித்து, குழந்தை தவழ்வதற்கு முன்பே தச்சரை வரச் சொல்லிவிடுங்கள்.