ஊர்வலத்தில் இல்லாத பிள்ளைகள்

டிசம்பர் 1 வந்தால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊர்வலம் போவார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் அப்பா அம்மாவை இழந்து, எட்டாவதோடு நின்று, ஓசூருக்கோ திருப்பூர் மில்லுக்கோ வேலைக்குப் போன பிள்ளை அந்த வரிசையில் இருக்காது. நாம் முதலில் கவலைப்பட வேண்டியது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

தாய் தகப்பனை இழந்த இளசுகளிடம் எச்.ஐ.வி. தொற்று மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அதெல்லாம் ஆப்பிரிக்கக் கணக்கு. அங்கே தொற்றின் அளவே வேறு, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஆபத்து வரும் வழி இங்கேயும் அதுதான். படிப்பு நிற்கும், கையில் காசு இருக்காது, யாரையாவது அண்டி இருக்கணும், சீக்கிரமே கல்யாணம். ஜிம்பாப்வேயில் இப்படிப்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் சீருடையும் கொடுத்து, பள்ளியிலேயே கவனிக்க ஒரு ஆளையும் வைத்தபோது இடைநிற்றலும் குறைந்தது, இளவயதுக் கல்யாணமும் குறைந்தது.

நம்ம பக்கம் பாட்டி சொல்வது ஒன்றே ஒன்று: "நான் கண்ண மூடிட்டா இவள யாரு பாத்துப்பா?" உடனே தாய்மாமனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை யாரும் கேட்பதில்லை. 15 வயதுப் பெண் ஆணுறை பற்றி வாய் திறப்பாளா? பாட்டியைத் திட்டிப் பயனில்லை, அந்த வீட்டுக்கு மாதாமாதம் பணம் வரணும். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 தாண்டக் கூடாது. 2025இல் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. இரண்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைப் பாருங்கள்.

மனு சிக்குவது பெரும்பாலும் இறப்புச் சான்றிதழில். பெங்களூரு கட்டட வேலையில் இறந்தவருக்கு அங்கேதான் பதிவு. பென்னாகரத்தில் எத்தனை நாள் அலைந்தாலும் கிடைக்காது. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணமில்லை. ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அடுத்தது பெயர்: ஆதாரில் 'முனியப்பன்', சான்றிதழில் 'முனியன்' என்றால் மனு திரும்பி வரும். கொடுப்பதற்கு முன்பே ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

பரிசோதனை விஷயத்தில் ஒரு வழக்கமான தப்பு. அம்மா எச்.ஐ.வி.யில் இறந்தால் "காமாலை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கடைக்குட்டியை மட்டும் பரிசோதனைக்குக் கூட்டிப் போவார்கள். பிறப்பிலேயே தொற்று வந்த பிள்ளை பெரிய தொந்தரவில்லாமல் 14 வயதுவரைகூட வளரலாம். வளர்த்தி குறைவு, திரும்பத் திரும்பச் சளி, தோல் புண் என்றுதான் இருக்கும். கூடப்பிறந்த அத்தனை பேரையும் அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போங்கள், இலவசம். வயது 18க்குக் கீழே என்பதால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், அதனால் பாட்டியோ சித்தப்பாவோ கூட வரணும்.

தொற்று இருந்தால், 30 கிலோ தாண்டிய பிள்ளைக்குத் மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். மருந்தில் குறையில்லை, விடுதியில்தான் சிக்கல். முப்பது மாத்திரை டப்பா பெட்டிக்குள் குலுங்கும், "என்னடி அது?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும், அன்றைக்கே மாத்திரை நின்றுபோகும். டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்தால் சத்தம் வராது. அதைவிட முக்கியம், எதற்கு இந்த மாத்திரை என்று பிள்ளைக்குத் தெரிவது. "சத்து மாத்திரை" என்று பத்து வருஷம் ஏமாற்றினால் ஒருநாள் தூக்கிப் போட்டுவிடும். ஏழெட்டு வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வரணும். பிள்ளை வேலைக்கு வெளியூர் போனால் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாற்றல் சீட்டு வாங்காமல் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, வக்கீல்கள்கூட அதிகம் பேசாதது. 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 32ஆவது பிரிவுப்படி, தொற்றால் பாதித்த குடும்பத்தை நடத்தும் 12 வயது நிறைந்த அண்ணனோ அக்காவோ, விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து எல்லாவற்றுக்கும் செல்லும். "மேஜர் ஆளக் கூட்டிட்டு வா" என்று வங்கியில் திருப்பி அனுப்பினால், அந்தப் பிரிவின் நகலைக் காட்டி, மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.