லுங்கி கட்டினால் பட்டன் போன்தானா?

லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்து பாருங்கள். "பட்டன் போனா அண்ணே? அந்தப் பக்கம்" என்று கை நீளும், முகம் நிமிராது. சித்தப்பாவுக்கு என் கண் முன்னாலேயே நடந்தது இது. ரெண்டு டிராக்டர் வைத்திருக்கிற மனிதர், காலேஜ் போகிற மகளுக்கு நல்லதாக ஒன்று வாங்க வந்திருந்தார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு கூடவே போன எனக்கோ, ஏசிக்கு நேராக நாற்காலி, "சார், டீயா காபியா?" இத்தனைக்கும் எனக்கு அது மாதக் கடைசி.

கடைப் பையனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? 2014-இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. பெரிய ரகளையாகி, அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். சரி, மாட்டிக்கொண்டது நீதிபதி, அதனால் சட்டம். லுங்கிக்காரருக்கு யார் கொண்டுவருவார்கள்?

அப்புறம், வேட்டியிலும் ரகம் இருக்கிறது. கட்சிக் கரை போட்டது என்றால் வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைப்பார். செம்மண் ஏறிய நாலு முழம் என்றால், "யாருய்யா நீ? ஓரமா நில்லு."