பிழையில்லாத வரிகளைப் படியுங்கள்

ஒரு தலைவர் வாய் தவறிச் சொன்னதையோ அவசரத்தில் தப்பாகத் தட்டியதையோ பிடித்துக்கொண்டு, "பாருங்கள், உண்மை அவரை அறியாமலே வெளியே வந்துவிட்டது" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ட்ரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தைப் பார்த்தாலே போதும்.

2017 மே 31, வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டிய நேரம். பத்திரிகைகள் ஓயாமல் தன்னைத் தாக்குகின்றன என்று ட்வீட் போட ஆரம்பித்தவர், 'கவரேஜ்' என்று வரவேண்டிய இடத்தில் 'கொவ்ஃபெஃபே' என்று தட்டி, வாக்கியத்தையும் முடிக்காமல் விட்டுவிட்டார். விடியும்வரை அது அப்படியே கிடந்தது. தூக்கக் கலக்கம், அவ்வளவுதான். ஆனால் அவருடைய செய்திச் செயலர் ஷான் ஸ்பைசர், அதிபருக்கும் ஒரு சிறு குழுவினருக்கும் அதன் பொருள் நன்றாகத் தெரியும் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஒரு தட்டச்சுப் பிழையை ரகசியமாக்கிவிட்டது வெள்ளை மாளிகையே! அப்புறம் அது அரபுச் சொல் என்று ஒரு கதை கிளம்பியது; அரபு தெரிந்தவர்கள் மறுத்தும் கதை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதே வருடம் அக்டோபரில், ட்ரம்ப்பைத் தங்கள் ரட்சகராக நினைத்த இணையச் சதிக்கோட்பாட்டுக் கூட்டமான க்யூஅனான் ஆரம்பமானது. அந்தக் கூட்டத்துக்கு ட்ரம்ப்பின் ஒவ்வொரு எழுத்துப்பிழையும், தேவையில்லாத இடத்தில் வந்த பெரிய எழுத்தும், பதிவு வந்த நேரமும்கூடச் சங்கேதம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, விடுபட்ட எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, ஒரு முழு உலகத்தையே கட்டிக்கொண்டார்கள். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள், அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அவரை எதிர்த்தவர்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. 2018 மே மாதம் மனைவி மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது 'மெலனியா' என்பதை 'மெலனி' என்று எழுதிவிட்டார், உடனே குடும்பத்தில் என்ன நடக்கிறது என்று ஊகங்கள் பறந்தன. அதே மாதம் பாஸ்டன் குளோப் ஒரு செய்தி போட்டது: அவர் பெயரில் ட்வீட் எழுதித் தரும் ஊழியர்கள், அவர் எழுதியதுபோலவே தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே இலக்கணத்தைக் குலைக்கிறார்களாம். சரி, அப்படியென்றால் நாம் யாருடைய மனதைப் படித்துக்கொண்டிருந்தோம்?

என்னை மிகவும் உறுத்துவது பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் நடந்தது. 2018 ஜூலை 16, செய்தியாளர் சந்திப்பு, ட்ரம்ப்பின் பக்கத்தில் ரஷ்ய அதிபர் புடின் நிற்கிறார். 2016 தேர்தலில் ரஷ்யா தலையிட்டதா என்று கேட்கிறார்கள். தன் உளவுத்துறைத் தலைவர் டான் கோட்ஸ் ரஷ்யாதான் என்கிறார், புடின் இல்லை என்கிறார் என்று சொல்லிவிட்டு, "அது ரஷ்யாவாக இருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை" என்றார் ட்ரம்ப். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு கிளம்பவும் மறுநாள் ஒரு விளக்கம் வந்தது: தான் சொல்ல வந்தது "ரஷ்யாவாக இல்லாமலிருக்கக் காரணம் தெரியவில்லை" என்பதாம், ஒரு எதிர்மறை விடுபட்டுவிட்டதாம்.

பிழைக்குள் அர்த்தம் தேடும் பழக்கம் அதிகாரத்தில் இருப்பவருக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. ஊரே அந்த ஒரு சொல்லைப் பற்றி வாதாட ஆரம்பித்தது. வாய் தவறியதா, அடிமனதில் இருந்தது வந்ததா, உண்மையிலேயே எதிர்மறை விடுபட்டதா? அதற்கு அவசியமே இல்லை. அந்த விடுபட்ட சொல்லைச் சேர்த்து முழுப் பதிலையும் திரும்பப் படித்துப் பாருங்கள், பொருந்தவில்லை. அதே பதிலில் சற்றுத் தள்ளி, புடின் மிக வலுவாக மறுத்தார் என்று பாராட்டுகிற தொனியில் சொல்கிறார். அந்த வரியில் எந்தப் பிழையும் கிடையாது, அதை அவர் திருத்தவும் இல்லை. மறுநாள் விளக்கத்தின்போதும், உளவுத்துறையின் முடிவை ஏற்பதாகச் சொல்லிவிட்டு, வேறு ஆட்களாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அதுவும் இலக்கண சுத்தமான வாக்கியம்தான். நாம் கேள்வி கேட்டிருக்க வேண்டியது அதைப் பற்றித்தான்.