சோத்து மேல கோவம் சரி, பருப்பு என்ன பண்ணுச்சு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கல்மண்டபம் மார்க்கெட்ல எங்கம்மா தலை சுத்தி, ஒரு கருவாட்டுக் கடை பலகை மேல உக்காந்துட்டாங்க. நெத்தியெல்லாம் வேர்வை, கை வெடவெடன்னு நடுங்குது. கடைக்கார அக்கா பக்கத்து டீக்கடைக்கு ஓடி, ஒரு கிளாஸ் தண்ணில சக்கரையக் கொட்டிக் கலக்கி எடுத்துனு வந்தாங்க. குடிச்சு கொஞ்ச நேரத்துல நடுக்கம் அடங்குச்சு. வீட்டுக்கு வந்து சுகர் மெஷின்ல பாத்தா, அவ்ளோ சக்கரை குடிச்ச பிறகும் 78.

பத்து நாளா சோறு, இட்லி, பருப்பு, பயறு எதையும் தொடல. சுகர் மாத்திரை மட்டும் பழைய அளவுலயே ஓடிட்டிருந்திருக்கு. எங்கக்கா புருஷன் வாட்ஸ்அப்ல அனுப்பின பேலியோ சார்ட்டை (ஆதிமனுஷன் மாதிரி கறி, மீன், முட்டை, கொட்டைன்னு தின்னுட்டு தானியம், பருப்பு, பயறை விட்டுடற முறை) யார்கிட்டயும் சொல்லாம இவங்களே ஆரம்பிச்சிருக்காங்க. மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட கேக்காம ஒரேயடியா மாவுச்சத்தை நிறுத்துனா சுகர் இப்படி ரொம்ப இறங்கிப்போகலாம். இதை முதல்ல சொல்லிடறேன், மீதியைப் படிக்காம போனாலும் பரவால்ல.

பேலியோவைத் திட்டுற பதிவு இல்ல இது. சார்ட் அனுப்பின அந்த மாமாவுக்கு அதுல 14 கிலோ குறைஞ்சது, கண்ணால பாத்தேன். நானும் மூணு மாசம் இருந்தேன், எனக்கு 6 கிலோ. சோத்தைக் குறைன்னு பேலியோக்காரங்க சொல்றதுல எனக்குத் தகராறே கிடையாது. ஒருநாள் மதியம் வழக்கமா நான் போட்டுக்கிற சோத்தை அப்படியே தராசுல வெச்சேன். 620 கிராம். அரிசிக் கணக்குல 220 கிராம் கிட்ட வரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கலோரி சாப்பிடற ஆளுக்கு ஒரு நாள் முழுக்க எல்லா தானியமும் சேத்து 250 கிராம்னு சொல்லுது. எனக்கு மதியமே கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. அப்புறம் காலைல தின்ன இட்லி, ராத்திரி பரோட்டாவெல்லாம் யார் கணக்கு?

அதே நிறுவனத்தோட தட்டுல பருப்பு, முட்டை, கறி, மீன் எல்லாம் சேத்து 85 கிராம், கொட்டை விதைங்க 35 கிராம். நம்ம தட்டுல? சோறு மலை மாதிரி, அது மேல ஓடுற சாம்பார்ல பருப்பைத் தேடணும். நம்மகிட்ட அதிகமா இருக்கிறது ஒண்ணு, குறைவா இருக்கிறது இன்னொண்ணு. அந்தச் சார்ட் ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி வெளிய தள்ளிடுச்சு. என் கோவம் இதுதான்.

பருப்பு ஏன் ஆகாதுன்னு கேட்டா, அதுல லெக்டின்னு ஒரு புரதமும் பைட்டிக் அமிலமும் இருக்குன்னு சொல்வாங்க. பொய்யில்ல. ராஜ்மாவை அரைவேக்காட்டுல தின்னா வாந்தி பேதி நிச்சயம். ஆனா ராத்திரி ஊறவெச்சு, தண்ணியக் கொட்டிட்டு, குக்கர்ல குழைய வேகவெச்சா லெக்டின் எங்க நிக்கும்? பைட்டிக் அமிலம் இரும்புச்சத்தை உடம்புல சேர விடாதுதான். ஊறவெக்கறது, முளைகட்டறது, மாவைப் புளிக்க வெக்கறது எல்லாமே அதைக் குறைக்குது. சுண்டல்ல மாங்கா துருவிப் போடறமே, அந்த மாங்காயில இருக்கிற வைட்டமின் சி இரும்பு சேர உதவுது. எங்க ஆயாவுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது, ஆனா ஊறவெக்காத கொண்டக்கடலையை அடுப்புல ஏத்த விடமாட்டாங்க.

கோதுமையில இருக்கிற குளூட்டன்ங்கற புரதத்தோட கதையும் அப்படித்தான். சீலியாக் நோய் (குளூட்டன் பட்டா குடல் கெடற நோய்) இருக்கிறவங்க கோதுமையை அறவே தொடக்கூடாது. ஆனா அரிசியிலயும் கேழ்வரகுலயும் கம்புலயும் குளூட்டனே கிடையாதே, அப்புறம் ஏன் அதையும் சேத்துத் திட்டணும்?

ஆதிமனுஷன் தானியம் தின்னலன்னு ஒரு வாதம். ஜோர்டான்ல சுமார் 14,400 வருஷத்துக்கு முன்னாடி சுட்ட ரொட்டியோட கருகின துணுக்கு கிடைச்சதுன்னு 2018ல அறிவிச்சாங்க. விவசாயம் வர்றதுக்கு 4,000 வருஷம் முன்னாடி, வேட்டையாடித் திரிஞ்சவங்க சுட்டது.

கொட்டைங்க விஷயத்துல தமிழ் பேலியோக்காரங்க தாராளம், ஒரு வேளைக்கு 100 பாதாம். பாதாம் நல்லதுதான். ஆனா வேர்க்கடலை ஆகாதாம், அது பயறு இனமாம். 100 கிராமுக்குப் புரதம் பாதாம்ல 21, வேர்க்கடலையில 25 கிட்ட. விலை எத்தனை மடங்கு வித்தியாசம்னு சவுகார்பேட்டை போயிட்டு வந்தவங்களுக்குத் தெரியும். பூஞ்சை புடிச்சது, கசக்கறது வாயில பட்டா மட்டும் துப்பிடுங்க, அந்த நஞ்சு ஈரலுக்கு ஆகாது.

காசிமேடு எங்களுக்கு நடக்கிற தூரம், மீனுக்குப் பஞ்சமில்ல. ஆனா மீன்லயும் முட்டையிலயும் நார்ச்சத்து துளி கிடையாது. அந்த மூணு மாசம் காலை நேரம் எனக்கு எப்படிப் போச்சுன்னு இங்க எழுத முடியாது.

அதுக்காக பழசெல்லாம் அமிர்தம்னு சொல்ல வரல. எங்க தெருமுனையில எவர்சில்வர் அண்டாவோட உக்கார்ற கூழ்க்கார அம்மாகிட்ட, சோறு வாணாம் கூழே போதும்னு எங்கம்மா ஒருநாள் ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் 231. கேழ்வரகுல சுண்ணாம்புச்சத்து ஏராளம், ஆனா மாவா அரைச்சுக் கரைச்சுக் குடிச்சா சுகர் சரசரன்னு ஏறும். "இன்னாமா, சோறும் வாணாம் கூழும் வாணாம்னா இன்னாத்தத் துன்றது?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி.

இப்போ டாக்டர் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டாரு. மதியம் ஒரு கரண்டி சோறு, அதைவிட அதிகமா பொரியல், கெட்டிப் பருப்பு, மீன். நாலு மணிக்கு சுண்டல், இல்லன்னா ஒரு கைப்பிடி வேகவெச்ச வேர்க்கடலை. நேத்து சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 148.

வர்ற ஞாயிறு மாமா வர்றாரு. அம்மா மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வெக்கப்போறாங்க. கருவாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மொச்சையை ஒதுக்குறாரான்னு பாக்கணும்.