பயோட்டின் சாப்பிட்டால் தைராய்டு சரியாகிவிடுமா?

"முடிக்குப் பயோட்டின் மாத்திரை போட்டதில் டி.எஸ்.எச் இறங்கிவிட்டது, இனி தைராய்டு மாத்திரை வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. பயோட்டின் ஒரு பி வைட்டமின். டி.எஸ்.எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் அது கூடும். இங்கே இறங்கியது ரிப்போர்ட்டில் உள்ள எண்தான், ரத்தத்தில் உள்ள ஹார்மோன் அல்ல.

பல லேப் கருவிகளில், டி.எஸ்.எச்-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தில் பயோட்டின் ஒட்டியிருக்கும். பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய துகள் அதைப் பற்றிக்கொள்ளும். ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் நிறைந்திருந்தால் துகளில் அந்த இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். சிக்னல் குறையும், டி.எஸ்.எச் குறைவாகத் தெரியும். அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாகக் கூடியும் காட்டலாம்! அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017-லேயே இதை எச்சரித்தது. உடலுக்குத் தினமும் சுமார் 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முடி மாத்திரைகளில் 10 மில்லிகிராம்கூட (10,000 மைக்ரோகிராம்) இருக்கிறது.

தைராய்டு டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையான தைராக்சினை மட்டும் டாக்டரைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.