எல்மைராவை ஏன் யாரும் பேசுவதில்லை?

கிரிக்கெட்டில் "ஸ்பீடு இருக்கு, லைன் இல்ல" என்று ஒரு வகைப் பவுலர்களை ஒதுக்குவோம் இல்லையா, பேஸ்பாலில் அந்த வகையின் குலதெய்வம் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. இடது கைக்காரர். 1957 முதல் 1965 வரை ஒன்பது சீசன், அத்தனையும் கீழ்மட்டமான மைனர் லீக். உச்சமட்டமான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசியதில்லை.

1960-ல் ஸ்டாக்டன் அணிக்காக 170 இன்னிங்ஸ். ஸ்ட்ரைக் அவுட், அதாவது பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது, 262. வாக், அதாவது குறி தப்பிய நாலு பந்தால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது, அதுவும் 262! ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு 14 பேரை அவுட்டாக்கி, 14 பேருக்குக் கதவைத் திறந்துவிட்ட கணக்கு.

அவரைப் பற்றி யார் எழுதினாலும் வேகப் புராணம்தான். 1958-ல் ராணுவத் தளம் ஒன்றில் அளந்தபோது மணிக்கு 93.5 மைல்தான் வந்தது. முந்தின நாள் வீசிய களைப்பு, பிட்சருக்கான மேடும் இல்லை. அதனால் நிஜ வேகம் நூறு, நூற்றிப்பத்து என்று ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் "குடியால் வீணாப்போன திறமை" என்று உச்சுக் கொட்டல். குடித்தார், உண்மைதான். ஆனால் கதை அவ்வளவுதானா?

எனக்கு முக்கியம் 1962, அவர் ஆடிய எல்மைரா ஊர் மைனர் லீக் அணி. மேனேஜர் ஏர்ல் வீவர், பிறகு மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு உலகத் தொடர் வென்று கொடுத்தவர். அதுவரை வந்த பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்திருந்தார்கள். வீவர் மருந்தைக் குறைத்தார். இவருக்கு நிறையச் சொன்னால் குழம்பும் என்று புரிந்துகொண்டு, நேர் வேகமான ஃபாஸ்ட்பால், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் இரண்டோடு நிறுத்தினார். அந்த வருடம் 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக் அவுட், 114 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு 14 வாக் இருந்த இடத்தில் ஆறு சொச்சம். ஐந்து வருடம் "திருத்தவே முடியாது" என்ற ஆள்! கோளாறு கையில் மட்டும் இருந்திருந்தால் ஒரே சீசனில் இப்படி மாறுமா?

1963 மார்ச், யாங்கீஸுடன் பயிற்சி ஆட்டம். முழங்கை போனது. ஓரியோல்ஸ் சீருடைக்கு அளவெடுத்ததும் அந்த நாட்களில்தான். பேஸ்பால் படஅட்டை போடும் டாப்ஸ் கம்பெனி அந்த வருட 'ரூக்கி' (புதுமுக) அட்டையில் அவர் முகத்தையும் அச்சடித்துவிட்டது.

பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. கலிபோர்னியா வயல்களில் கூலி வேலை, குடி, நினைவு மங்கல். 2020 ஏப்ரலில், சொந்த ஊர் நியூ பிரிட்டனில், கொரோனா கொண்டுபோனது. 80 வயது.

அதற்கு முன் 2003-ல் பால்டிமோர் மைதானத்தில் சம்பிரதாய முதல் பந்து வீசக் கூப்பிட்டார்கள். 64 வயதில் போய் வீசினார். அந்தப் பந்தை யாரும் அளக்கவில்லை.