தமிழில் 'இல்' வந்தால் ஆங்கிலத்தில் எப்போதும் 'இன்' (in) இல்லை
'இல்' என்றால் 'இன்', 'பற்றி' என்றால் 'அபவுட்', இப்படி தமிழ் உருபை மாற்றிப் போட்டாலே ஆங்கில ப்ரெபொசிஷன் (இன், ஆன், அபவுட் போன்ற சொல்) வந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராதுங்க. காரில் என்றால் 'இன் த கார்', பஸ்ஸில் என்றால் 'ஆன் த பஸ்', நமக்கு இரண்டுக்கும் ஒரே 'இல்'தான். 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' தேவையே இல்லை (பல வருடம் ஆபீஸ் மெயிலில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதித் தள்ளியவன் சொல்கிறேன்). ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு இப்படி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) இன்னும் மோசம். 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது, அதில் 'ஆஃப்டர்' என்பதற்கான 'பிறகு' எங்கே இருக்கிறது? அப்புறம் சொல் நிற்கும் இடமும் பார்க்கணும்: 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி, ஆனால் ஃபேனுக்குப் பதில் 'இட்' போட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான்.